சாக்கில் கட்டிய பூனைகளும் நம் மஹல்லாவின் பொறுப்பும்

சுப்ஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வேளையில், வாய் கட்டிய சாக்கு ஒன்றை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஒருவர் போவதை நாம் கண்டிருக்கிறோம். உள்ளிருந்து பூனைகளின் கதறல் கேட்கும். "மீன் மார்க்கெட்டில் விட்டு வருகிறேன், அங்கே தின்னக் கிடைக்கும்" என்பார். கொல்லவில்லை என்ற ஆறுதல் அவருக்கு. தொல்லை ஒழிந்தது என்ற ஆறுதல் நமக்கு. இந்த ஆறுதலுக்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று நாம் யாரும் கேட்பதில்லை.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது வெளியே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மதரஸாவுக்குப் போகும் நம் குழந்தைகளும் அதை அறிவார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்கப் பூனை வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமன்று, அது நம்மைச் சுற்றித் திரிபவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் அப்போது எடுத்துரைத்தார்கள். அப்படிச் சுற்றித் திரிந்த உயிரைப் பழகிய இடத்திலிருந்து பெயர்த்து அந்நிய இடத்தில் வீசுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தண்ணீர் எங்கே, ஒதுங்க இடம் எங்கே என்று அதற்குத் தெரியாது. அங்கு முன்பே இருக்கும் பூனைகள் அதை விரட்டும். குட்டி போட்ட தாயைச் சாக்கில் போட்டிருந்தால், நம் வீட்டுப் பரணில் கண் திறக்காத குட்டிகள் பசியால் சாகும். பட்டினி கிடக்க நேரும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

இத்தனை செய்தும் பலனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. சில மாதங்களில் அதே சுவரின் மேல் வேறு பூனைகள் உட்கார்ந்திருக்கும். பூனைகளை அழைப்பது நம் தெருவில் கிடைக்கும் தீனி. நிக்காஹ் விருந்து முடிந்ததும் சஹன்களில் மிஞ்சிய சோறும் எலும்பும் தெருமுனைக்குத்தான் போகின்றன. குர்பானி நாட்களின் கழிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தீனி இருக்கும்வரை ஒரு பூனை போன இடத்தை இன்னொன்று நிரப்பும்.

பூனைகளால் துன்பப்படுவோரைக் கல்நெஞ்சர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். பூனை நஜீஸ் இல்லை; ஆனால் அதன் சிறுநீர் நஜீஸ். மொட்டை மாடியில் உலர்த்திய தொழுகை விரிப்பை மூன்றாம் முறை அலசும் மூதாட்டியின் எரிச்சல் நியாயமானதே. இரவெல்லாம் கடுவன்கள் போடும் சண்டையும் அப்படித்தான். பூனை கடித்தாலோ கீறினாலோ வெறிநோய் அச்சமும் உண்டு. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி குறித்துக் கேட்க வேண்டும். பூனைக்குச் சோறு வைப்பவரும் அண்டை வீட்டார்மேல் கடமை உள்ளவரே. பிறர் வாசலில் மீன் தலையைப் போட்டுவிட்டு ஸதகா செய்தோம் என்று மகிழ்ந்தால், அந்த அண்டை வீட்டாரின் ஹக்கு என்னாவது?

நாம் அறிந்தவரை பயன் தரும் வழி ஒன்றே: பிடித்து, கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. பெட்டைப் பூனை 6 மாதத்திலேயே, சில நேரம் அதற்கு முன்பே, சினைப்படும். சினைக்காலம் சுமார் 9 வாரந்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஈனக்கூடும். ஆகவே ஒன்றிரண்டுக்குச் செய்து நிறுத்திவிட்டால் போதாது, தெருவிலுள்ள பெரும்பாலானவற்றுக்குச் செய்ய வேண்டும். அறுவைக்குப் பின் கடுவன்களின் சண்டையும், மூலைமுடுக்கெல்லாம் சிறுநீர் பீய்ச்சுவதும் வெகுவாகக் குறையும்.

'அல்லாஹ்வின் படைப்பில் கை வைக்கலாமா?' என்ற கேள்வி உடனே எழும், எழவும் வேண்டும். ஹனஃபி நூலான துர்ருல் முக்தார், பயன் இருக்குமானால் பூனை உட்பட விலங்குகளுக்குக் காயடிப்பது கூடும் என்கிறது. கடற்கரை ஊர்களில் நம்மில் பலர் ஷாஃபிஈகள். உண்ணப்படாத பிராணிகளுக்குக் காயடிப்பது ஹராம் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் பதிவுசெய்த நிலைப்பாடு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எனினும் அக்காலத்தில் மயக்கமருந்து இல்லை. பூனைகள் பெருகித் தொல்லையாகும்போது, அறுவையால் அவற்றுக்குத் தீங்கில்லையெனில் தவறில்லை என இக்கால அறிஞர் இப்னு உஸைமீன் (ரஹ்) போன்றோர் கூறியுள்ளனர். இதில் தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிம்கள் அல்லர். ஆயினும் சாக்கு மூட்டைக்கு எந்த மத்ஹபிலும் யாரும் ஃபத்வா கேட்டதாக நாம் அறியோம். கருத்தடைக்கு மட்டும் கேட்கிறோம்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகம் முதலில் இமாமையும் ஊர் ஆலிம்களையும் ஓர் அஸருக்குப் பின் உட்காரவைத்துக் கேட்கட்டும். அவர்கள் கூடுமென்றால் மற்றவை கடினமல்ல. அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனையில் விசாரிக்கலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. செலவை ஸதகாவிலிருந்து எடுக்கலாம். ஸகாத்திலிருந்து அன்று, அதற்குரிய எட்டுக் கூட்டத்தார் மனிதர்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், யார் வாசலுக்கும் நேராக இல்லாமல் உணவு வைத்து, மிச்சத்தை அரைமணியில் எடுத்துவிட்டால் பூனைகள் அந்நேரத்துக்கு வந்து பழகும். கூண்டில் பிடிப்பதும் எளிதாகும். பால் கொடுக்கும் தாயாகத் தெரிந்தால் குட்டிகள் இருக்குமிடம் அறியாமல் பிடிக்கக் கூடாது.

அறுவை ஆனவற்றுக்கு, மயக்கத்திலிருக்கும்போதே இடது காதின் நுனியைச் சிறிது நறுக்கிவிடுவார்கள். அதே பூனையை மறுபடி பிடிக்காதிருக்க அது அடையாளம். காதில் அடையாளமிடுவது நமக்குப் புதிதுமல்ல. நபி (ஸல்) அவர்கள் ஆடுகளின் காதில் அடையாளமிட்டதை அனஸ் (ரலி) அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆலிம்கள் கூடாதென்றே தீர்ப்பளித்தாலும் நமக்கு வேலை மிச்சமிருக்கிறது. சஹன் மிச்சத்துக்கு மூடியுள்ள தொட்டி, குர்பானிக் கழிவைப் புதைக்க ஒரு குழி, உணவு வைக்க ஒரு நேரம். இவற்றுக்கு எந்த ஃபத்வாவும் தேவையில்லை. அடுத்த நிக்காஹ் விருந்திலேயே தொடங்கலாம்.