பிடுங்குவதுதான் ஏழைக்கு வைத்தியமா?

பல்வலி வந்தால் நம்மவர்கள் கிராம்பை வைத்துக் கடிக்கிறார்கள். நாலு நாள் பொறுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே! வலி தாங்காமல் போய்ச் சேரும்போது பல்லில் பாதி இருக்காது. பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு திரும்புகிறார்கள்.

பணமுள்ளவருக்கும் பல் சொத்தையாகிறது. ஆனால் அவர் பல்லை இழப்பதில்லை. ஓட்டை சிறிதானால் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடுகிறார்கள். நரம்பு வரை போயிருந்தால் வேரின் உள்ளே சுத்தம் செய்து அடைத்து, மேலே உறை போடுகிறார்கள். அந்தப் பல்லால் அவர் பல வருஷம் கடிக்கலாம். உறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். தினக்கூலிக்காரர் எங்கே போவார்?

கடைவாய்ப் பல் ஒன்று போனால் வெளியே தெரியவா போகிறது என்பார்கள். தெரியாதுதான். ஆனால் பக்கத்துப் பல் அந்தச் சந்தில் சாய்கிறது; எதிர்ப் பல் நீண்டு வருகிறது. பிறகு பல்செட் கட்டினாலும், சொந்தப் பல்லின் பலம் அதற்கு வராது.

பல்லைக் காப்பாற்றப் பெரிய யந்திரங்கள் வேண்டும், சர்க்காரிடம் பணமில்லை என்று சொல்கிறவர்கள் ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியாவைப் பார்க்கட்டும். மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காக 1980களின் நடுவில் அங்கே ஒரு முறை தொடங்கியது. துளைபோடும் யந்திரம் இல்லை. கைக்கருவியால் மெத்தென்றாகிவிட்ட சொத்தையை வழித்தெடுத்து, கிளாஸ் அயனோமர் என்ற சிமென்டால் அடைக்கிறார்கள். பெரும்பாலும் மரப்பு ஊசிகூட வேண்டியதில்லை. நோயாளி படுக்க ஒரு மேஜை போதும். 1994இல் உலக சுகாதார ஸ்தாபனமே இம்முறையைப் பரப்ப முன்வந்தது. அந்தச் சிமென்டும் எந்த முதலாளியின் கம்பெனியிலும் பிறந்ததல்ல. லண்டனில் அரசாங்க இரசாயனக் கூடத்தில் வேலை பார்த்த வில்சன், கெண்ட் என்ற இருவர் உருவாக்கி, 1970களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்தது. 2021இல் அந்த ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

எல்லாச் சொத்தைக்கும் இது உதவாது. நரம்பைத் தொட்டுவிட்ட பல்லுக்கு வேர் சிகிச்சைதான். பல்லிடுக்கில் பரவிய பெரிய ஓட்டையில் அடைப்பு சீக்கிரம் விழுந்துவிடலாம். ஆனால் சின்ன ஓட்டையாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் அந்த நிலை வருவானேன்?

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்துக்கு ஒரு நாளாவது பல் அடைக்க ஆள் வேண்டும் என்று கேட்கிறோம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக மாலையிலும் வேண்டும். வேர் சிகிச்சையும் உறையும் ஜில்லா ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அடுத்த மகாநாட்டுக் கோரிக்கைகளில், கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள் தோழர்களே.