புங்கையிலை முளையும் குருவிச்சையும்

மரத்தில் புதிதாக ஏதேனும் புடைத்திருந்தால், அது மரத்தின் சொந்தத் தசையா, வெளியே இருந்து வந்து ஒட்டிய வேறோர் உயிரா என்று முதலில் பார்க்க வேண்டும். கத்தி எடுப்பது பிறகு.

மட்டக்களப்பு வாவியோரப் புங்கை மரங்களில் சில வேளை இலை முழுவதும் விரல் நுனி போன்ற முளைகள் கிளம்பி நிற்கும். பச்சையாகத் தொடங்கிப் பழுப்பாக முற்றும். காய் என்று நினைப்பாரும் உண்டு. ஒன்றைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே பொந்து. அதில் குடியிருப்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. மற்ற உண்ணிகளுக்கு எட்டுக் கால், இதற்கு நான்கே. இளந்தளிரை உறிஞ்சும்போது இது விடும் உமிழ்நீர் பட்டு இலையின் கலங்கள் அளவு மீறிப் பெருகுகின்றன. உண்ணிக்கு வீடு கட்டிக் கொடுப்பது இலைதான். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் வளர்ந்த மரம் இதனால் சாவதில்லை. மருந்தடிப்பது வீண் செலவு.

சேற்றில் வளரும் கண்ணா மரத்து இலையிலும் சிறு மணிகள் போன்ற முடிச்சுகள் வருவதுண்டு. பிளந்தால் கொசு போன்ற ஓர் ஈயின் புழு அகப்படும். துளை இருந்தால் ஈ பறந்துவிட்டது என்று பொருள். நாட்டு மருந்துக் கடை மாசிக்காயும் இந்த இனமே. மேற்காசிய ஓக் மரத்தில் ஒரு குளவி முட்டையிட்டதால் விளைந்த முடிச்சு அது, காயே அல்ல.

கத்திக்கு வேலை இருப்பது குருவிச்சையில். தமிழ்நாட்டில் இதைப் புல்லுருவி என்பார்கள். மாமரக் கிளையில் மாவிலை அல்லாத தடித்த இலைக்கொத்தும், அது பிடித்த இடத்தில் வீக்கமும் இருந்தால் ஐயமே வேண்டாம். பழத்தைத் தின்னும் பூக்கொத்திக் குருவியின் எச்சத்தில் விதை பசையோடு வரும். குருவி அதைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். முளைத்த விதை பட்டையைத் துளைத்து மரத்தின் நீரையும் உப்பையும் உறிஞ்சும். செடியை மட்டும் பிய்த்தால் திரும்பத் துளிர்க்கும். வீக்கத்துக்குக் கீழே, தண்டுப் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் கிளையையே வெட்ட வேண்டும், அதுவும் குருவிச்சை காய்க்கும் முன். பட்டையில் தொற்றி நிற்கும் ஓர்க்கிட்டும் பன்னமும் இப்படி உறிஞ்சுவதில்லை, அவற்றை விட்டுவிடலாம்.

அடிமரத்தில் உருண்டு திரளும் கரணை பெரும்பாலும் பழைய காயத்தின் கதை. மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி போன்ற ஒன்றில் கிளை முறிந்தும் பிழைத்த மரம், முறிவைச் சுற்றிப் புதுத்தசை வளர்த்து மூடப் பார்க்கும்.

கண்ணாவைச் சுற்றிச் சேற்றில் பென்சில் போல் நிமிர்ந்து நிற்பவை நோயுமல்ல, புதுக்கன்றுமல்ல. அவை அம்மரத்தின் மூச்சுவேர்கள். வெட்டினால் மரத்துக்கு மூச்சு முட்டும்.