காலி இருக்கைகளின் கணக்கு

நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு ஒன்றைச் சற்றே மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். இடம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம். அல்லது அதற்கு வடக்கே மிச்சிகன். ஏரிகளின் மேலிருந்து வீசும் காற்று எலும்பைத் துளைக்கிறது. சில இரவுகளில் பனித்தூவலும் சேர்ந்துகொள்ளும். இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் அமரத்தக்க விளையாட்டரங்கில் மின்விளக்குகள் பகலைப்போல் ஒளியைக் கொட்டுகின்றன. களத்தில் இருபத்திரண்டு இளைஞர்கள் முட்டி மோதுகிறார்கள். ஆனால் பார்வையாளர் வரிசைகளை நோக்குங்கள்! இங்கொரு நண்பர் குழாம், அங்கொரு குடும்பம், கம்பளிக்குள் புதைந்த முதிய தம்பதியர், ஆட்டக்காரப் பிள்ளைகளின் பெற்றோர், விறைத்த விரல்களால் குழலைப் பற்றியிருக்கும் வாத்தியக் குழு மாணவர்கள். எஞ்சியவை யாவும் வெறும் பலகைகள்.

மறுநாள் வெளியாகும் ஆட்டக் குறிப்பில் 'வருகை' என்று ஓர் எண் இருக்கும். நேரில் இருந்தவர் அதைப் படித்தால் சிரித்துவிடுவார். எண்ணியவர் யார்? எப்படி எண்ணினார்? அக்கதையைத்தான் இம்மாதம் உங்களோடு பேச எண்ணுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர் 'புட்பால்' என்பது நாமறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியைத் தழுவி வீழ்த்தியும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. கல்லூரி அணிகளுக்கே அங்கே பெருந்திரள் கூடுகிறது. கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டாக, சிலபோது அதற்கு மேலும், சேர்ந்து 'கான்பரன்ஸ்' எனப்படும் கூட்டணிகளை அமைத்துக்கொண்டு தமக்குள் ஆடுகின்றன. 'பிக் டென்', 'சௌத்ஈஸ்டர்ன்' போன்றவை செல்வமும் செல்வாக்கும் மிக்க கூட்டணிகள். 1946ஆம் ஆண்டு தோன்றிய 'மிட்-அமெரிக்கன்' கூட்டணி சிறியவற்றுள் ஒன்று. நாம் கண்ட செவ்வாய்க்கிழமை இரவு அதற்கு உரியது.

பெரியதும் சிறியதும் எத்துணை அருகருகே வாழ்கின்றன என்பதற்கு ஒரு சான்று. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் 1,07,601 பேர் அமரும் அரங்கம் உள்ளது. அங்கிருந்து பத்து மைலுக்குள் இப்சிலாந்தி என்னும் ஊர். அங்கே கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஏறத்தாழ முப்பதாயிரம் இருக்கைகள். சனிக்கிழமைதோறும் முன்னது கடல்போல் பொங்கும். பின்னதோ பெரும்பாலும் பாதி நிறைந்தாலே கொண்டாட்டம். ஆலமரத்தின் நிழலில் நட்ட செடி எனலாம்.

சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்துக்கே உரிய நாளாயிற்றே, செவ்வாய் இரவு ஏன் வந்தது? தொலைக்காட்சியால் வந்தது. சனிக்கிழமையன்று பெரிய கூட்டணிகள் திரையை நிறைத்துவிடும். சிறிய அணிகளுக்கு அங்கே இடமில்லை. 'வாரத்தின் நடுவில் ஆடுங்கள், நாடு முழுவதும் காட்டுகிறோம்' என்றது ஒளிபரப்பு நிறுவனம். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வேரூன்றிய இவ்வழக்கம், இன்று நவம்பர் மாதச் செவ்வாய், புதன் ஆட்டங்களையே அக்கூட்டணியின் அடையாளமாக்கிவிட்டது. எங்கோ கலிபோர்னியாவில் சாய்வு நாற்காலியில் இருப்பவரும் டொலிடோ அணியின் பெயரை அறிகிறார். கல்லூரிக்கு வருவாயும் விளம்பரமும் கிட்டுகின்றன. இலாபம் இல்லை என்று எவர் சொல்வார்?

ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டாமா? இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வரும் பழைய மாணவர், மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர். பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளை இரவு பதினொரு மணிவரை குளிரில் உட்காரவைக்கத் தாய் ஒப்புவாளா? விடுதி மாணவனுக்கு மறுநாள் தேர்வு. ஆக, திரையின்முன் அமர்ந்திருக்கும் அந்நியனுக்காக, வரிசையில் அமர்ந்திருந்த சொந்தக்காரன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவன் எழுந்துபோன இருக்கையைக் காட்டி, 'இக்கல்லூரியின் ரசிகர்களுக்கு ஆர்வமில்லை' என்று வேறு பழிக்கிறார்கள்! இது எனக்கு நியாயமாகப்படவில்லை.

மாணவருக்கு நுழைவு இலவசம்தானே, அவர்களேனும் வரலாமே என்பீர்கள். அந்த 'இலவசம்' விசித்திரமானது. சிறிய கூட்டணிக் கல்லூரிகள் பலவற்றில் விளையாட்டுத் துறையின் செலவில் பெரும்பங்கு மாணவர் கட்டணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆட்டத்தைப் பார்ப்பவனும் தருகிறான், பாராதவனும் தருகிறான். சில இடங்களில் அது ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர். கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை, தான் ஒருநாளும் மிதியாத அரங்கத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான்.

இனி எண்ணிக்கையின் கதைக்கு வருவோம். கல்லூரி விளையாட்டை ஆளும் தேசிய அமைப்பு, உயர்மட்டப் பிரிவில் நீடிக்க விரும்பும் கல்லூரிகளுக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும், சொந்தக் களத்து ஆட்டங்களில் சராசரியாக 15,000 பேர் வருகை காட்ட வேண்டும். ஆனால் 'நேரில் வந்தோர்' கணக்கும் செல்லும். 'விலை கொடுக்கப்பட்ட சீட்டு'க் கணக்கும் செல்லும். இந்த வாசல் போதாதா? சீட்டு விலை போனால் போதும், ஆள் வர வேண்டியதில்லை என்றாயிற்று. மிச்சிகன் மாநிலக் கல்லூரி ஒன்று குளிர்பான நிறுவன ஒப்பந்தத்தில் வந்த பணத்தைக் கொண்டே தன் சீட்டுகளை மலிவு விலையில் தானே வாங்கிக் கணக்கை நிறைவு செய்தது. பொய்யென்று சொல்ல முடியாது. மெய்யென்று சொல்ல நாக்கூசும். வகுப்புக்கு வராத மாணவனை வந்தானென்று பதிவேட்டில் நான் குறித்தால் என்னை ஒருநாள் வைத்திருப்பார்களா?

இவ்வழக்கம் சிறியவர்க்கு மட்டும் உரியதன்று. 2017ஆம் ஆண்டுப் பருவத்தின் விவரங்களைத் திரட்டி 2018இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளேடு ஒரு செய்தி வெளியிட்டது. வாயிலில் உண்மையாகச் சரிபார்க்கப்பட்ட சீட்டுகள், அறிவிக்கப்பட்ட வருகையில் சராசரியாக 71 விழுக்காடே என்றது அச்செய்தி. ஆனால் ஒரு லட்சத்தில் முப்பதாயிரம் குறைந்தாலும் கண்ணுக்குத் திருவிழாவாகவே தெரியும். பதினைந்தாயிரத்தில் குறைந்தால்தான் பலகைகள் பல்லிளிக்கும். இறுதியில், 2023ஆம் ஆண்டு அக்டோபரில், அந்தப் பதினைந்தாயிரம் நிபந்தனையே நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, மாணவர் உதவித்தொகைக்கு எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதை அளவுகோலாக்கினார்கள்.

நிபந்தனை போயிற்று. ஆனால் ஆர்வத்தைத் தலை எண்ணி அளக்கலாமா என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. சில களங்களைச் சுற்றிப் பார்ப்போமே!

இந்தியானா மாநிலத்தில் வாபாஷ், டிபாவ் என்று இரு சிறு கல்லூரிகள். வாபாஷ் ஆடவர் கல்லூரி. மாணவர் தொகை ஆயிரத்தைத் தொடுவதில்லை. விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை இரண்டும். 1890இல் தொடங்கிய இவர்களது போட்டிக்கு, 1932 முதல் ஒரு ரயில் எஞ்சின் மணி பரிசுப் பொருளாயிற்று. ஏறத்தாழ 300 பவுண்டு எடை. வென்றவர் மறு ஆண்டுவரை வைத்துக்கொள்ளலாம். அந்த மணியை எதிரணி மாணவர் இரவோடிரவாகத் திருடிச் சென்ற கதைகள் பல உண்டு! அவ்வொரு நாள் ஆட்டத்துக்குக் கல்லூரியின் மாணவர் தொகையைப்போல் பன்மடங்கு மக்கள் கூடுகிறார்கள். தொலைவிலிருக்கும் பழைய மாணவர் பல நகரங்களில் ஒன்றுகூடித் திரையில் பார்க்கிறார்கள். இவர்களுள் ஒருவரும் தொழில்முறை ஆட்டக்காரராகப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் தொண்டை வறளக் கூவுகிறார்கள்.

யேல் பல்கலைக்கழகத்துக்கு 1914இல் கட்டிய பேரரங்கம் ஒன்றுண்டு. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். சாதாரணச் சனிக்கிழமைகளில் அங்கே ஒருவர்க்கு ஒரு வரிசையையே கொடுத்துவிடலாம். ஹார்வர்டு வரும் நாளில்தான் அதற்கு உயிர் வரும்.

தென் மாநிலங்களுக்கு வாருங்கள். அங்கே கதையே வேறு! கறுப்பின மக்களுக்குப் பிற கல்லூரிகளின் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில் அவர்களுக்கென எழுந்த கல்லூரிகள் உள்ளன. அவற்றின் கூட்டணிகளுள் ஒன்று 1920இல் பிறந்த 'சௌத்வெஸ்டர்ன் அத்லெடிக்'. இரண்டாம் தரப் பிரிவுதான், பணமும் குறைவுதான். ஆனால் அப்பிரிவின் கூட்டணிகளுள் சராசரி வருகையில் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் முதலிடம் இதற்கே. லூசியானாவின் கிராம்பிளிங் என்னும் சிற்றூர்க் கல்லூரியில் எடி ராபின்சன் என்பவர் 1941இல் பயிற்சியாளராகச் சேர்ந்து 1997வரை இருந்தார். 408 வெற்றிகள் பெற்றார். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் ஏற்க மறுத்த பிள்ளைகளைத் தொழில்முறை அணிகள் தேடிவந்து அழைத்துச் செல்லும்படி ஆக்கியவர் அவர்.

அக்கல்லூரிக்கும் சதர்ன் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 1974 முதல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆண்டுதோறும் பெரும்போட்டி நடக்கிறது. 2005இல் கத்ரீனா புயல் நகரை மூழ்கடித்தபோது, ஆட்டம் ஹூஸ்டனுக்குப் பெயர்ந்தது, நிற்கவில்லை. இடைவேளையில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்! மற்ற அரங்குகளில் இடைவேளையென்றால் மக்கள் தின்பண்டம் வாங்க எழுந்து போவர். இங்கோ, போனவர்களும் ஓடிவந்து அமர்வர். நூற்றுக்கும் மேற்பட்டோர் கொண்ட வாத்தியக் குழுக்கள் சீருடையில் அணிவகுத்து, முழங்கால் உயர்த்தி நடந்து, முரசறைந்து ஒன்றையொன்று வெல்ல முனையும். ஆட்டத்தில் தோற்றாலும் வாத்தியத்தில் வென்றோம் என்று நெஞ்சு நிமிர்த்திச் செல்வாரும் உண்டு. பாட்டன் அமர்ந்த வரிசையில் பேரன் அமர்கிறான். அங்கே போவது ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு மட்டுமன்று, சொந்தபந்தத்தைக் காண்பதற்கும்தான். நம் வீட்டுப் பெண்கள் திருமணத்துக்குப் போவது விருந்துக்காக மட்டுமா?

வட கரோலைனா மலைமேல் பூன் என்றொரு ஊர். மக்கள்தொகை சுமார் 19,000. அதன் அப்பலாச்சியன் ஸ்டேட் அணி, 2007 செப்டம்பர் முதல் நாள், முன்பு சொன்னேனே, அந்த ஆன் ஆர்பர் பேரரங்குக்குச் சென்றது. பெரிய அணிகள் சிறியவர்க்குத் தொகை கொடுத்துத் தம் களத்துக்கு வரவழைத்துத் தோற்கடிப்பது வழக்கம். வந்தவர்க்கு அன்று 4,00,000 டாலர். பணத்தையும் பெற்றுக்கொண்டு, 34-32 என்று வெற்றியையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள்! பூனில் அன்று ஆட்டமே நடக்கவில்லை. ஆயினும் மாணவர் திரண்டு தங்கள் சொந்தக் களத்துக் கோல்கம்பத்தையே பிடுங்கிக்கொண்டுபோய்க் கல்லூரித் தலைவர் வீட்டு முற்றத்தில் போட்டார்கள். அந்தச் சிற்றூர் அரங்கில் 30,000 பேர் அமரலாம். 2022இல் வட கரோலைனா பல்கலைக்கழக அணி அங்கே வந்தபோது 40,168 பேர் கூடினர். புல்மேட்டிலும் நின்றார்கள். 63-61 என்று தோற்றார்கள். யாரும் பாதியில் எழுந்து போகக்கூடிய ஆட்டமா அது!

கடைசியாக, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரம். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தின் அணி, அறுபது மைலுக்குள் இருக்கும் புகழ்பெற்ற அலபாமா அணியின் நிழலில் வளர்ந்தது. இரண்டையும் ஆள்வது ஒரே நிர்வாகக் குழு. ஆடியதோ 1927இல் எழுந்த லீஜியன் பீல்டு என்னும் பழம்பெரும் அரங்கில். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகளுள் பெரும்பாலானவை காலியாகவே கிடக்கும். 2014 டிசம்பர் 2ஆம் நாள், செலவு தாங்கவில்லை என்று கூறி அணியைக் கலைத்துவிட்டது நிர்வாகம். அணி அப்பருவத்தில் ஆறு ஆட்டங்களில் வென்று, பத்தாண்டுக்குப்பின் தலைநிமிர்ந்திருந்த நேரம்! ஆட்டக்காரப் பிள்ளைகள் கல்லூரித் தலைவரின் முகத்துக்கு நேரே நின்று கேட்டார்கள், சிலர் அழுதார்கள்.

காலி இருக்கைகளைக் கண்டவர்கள், இவ்வணிக்காக அழ ஆளில்லை என்று எண்ணியிருப்பார்கள். நடந்தது வேறு. மாணவர் வீதிக்கு வந்தனர். பழைய மாணவரும் வணிகரும் நகர மக்களும் பணம் தருவதாக உறுதி கூறினர். ஆறே மாதத்தில், 2015 ஜூன் முதல் நாள், முடிவு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஆட்டக்காரர்களுள் பலர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். பயிற்சியாளர் பில் கிளார்க் மட்டும் போகவில்லை. ஆட அணியில்லாத இரண்டு பருவங்கள் அவர் அங்கேயே இருந்தார்.

2017 செப்டம்பர் 2ஆம் நாள் அவ்வணி மீண்டும் களமிறங்கியது. எதிரணி அலபாமா ஏ அண்ட் எம் என்னும் சிறிய கல்லூரி, முன்பு சொன்ன கறுப்பினக் கல்லூரிகளின் கூட்டணியைச் சேர்ந்தது. ஒளிபரப்பு நிறுவனங்கள் துரத்தும் ஆட்டமன்று. வந்தவர் 45,212 பேர்; அக்கல்லூரியின் வரலாற்றில் அதுவரை காணாத கூட்டம். 38-7 என்று வென்றார்கள். அன்றும் அந்தப் பழைய அரங்கில் இருபத்தாறாயிரம் இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன.