ஏழையை விரட்டினால் வெள்ளம் வடியுமா?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது, சென்னை மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் சர்க்கார் கண்டுபிடித்த குற்றவாளி யார்? ஆற்றங்கரைக் குடிசைவாசி! கட்டிடத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் குடும்பம் குடும்பமாகப் பெயர்க்கப்பட்டு, தெற்கே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டார்கள். வேலைத்தலம் ஓரிடம், வீடு வெகுதூரத்தில். பலருக்குப் பிழைப்பே போயிற்று.

போன இடமாவது மேடா? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அங்கும் அவர்களைச் சூழ்ந்தது.

ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்து கிடந்து மழைநீரைத் தாங்கிய சதுப்பு அது. அதைத் தின்றவை குப்பைமேடும், ரஸ்தாக்களும், கம்பெனி மாளிகைகளும். குடிசைமேல் பாய்ந்த புல்டோசருக்கு அந்த வழி தெரியாதா?

வெள்ளத்துக்குப் பின் சென்னையின் சேற்றை அள்ள வெளி ஜில்லாக்களிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர் வந்தார்கள். விழுந்த நகரத்தைத் தூக்கி நிறுத்தியது உழைப்பாளியின் கை. அவனை வெளியேற்றிவிட்டு எந்த நகரத்தைக் காப்பாற்றப் போகிறார்கள்?

நாம் கோருவது இதுதான்: சதுப்பையும் ஏரிகளையும் மீட்டுக் கொடு! வேலைத்தலத்துக்கு அருகே, மேட்டு நிலத்தில் வீடு கொடு! வெள்ளத்தால் வேலையற்ற நாட்களுக்குக் கூலி கொடு! நிவாரணக் கமிட்டிகளில் குடிசைப்பகுதி ஜனங்களுக்கு இடம் கொடு!

பேட்டைதோறும் திரளுவோம். அடுத்த மழை வருமுன் இவற்றைப் பெறுவோம்.