தூண்டில் போடுங்கள், விஷம் வேண்டாம்!

மழை பெய்து ஏரி நிரம்பினால் திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் தூண்டில் வெளியே வந்துவிடும். மண்புழு கோத்தால் கெண்டை. தவளை கோத்தால் விரால்! குத்தகைக்கு விட்ட ஏரி என்றால் குத்தகைதாரரைக் கேட்டுக்கொண்டு போடுவதுதான் முறை.

ஆனால் பொறுமை இல்லாத சிலர் வெடி போடுகிறார்கள், விஷம் கலக்கிறார்கள். 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே இரண்டையும் குற்றம் என்றது. வெடித்தால் சினைமீனும் குஞ்சும் சேர்ந்தே சாகும். அடுத்த வருஷம் மீனுக்கு எங்கே போவது? விஷத் தண்ணீரை மாடும் அல்லவா குடிக்கிறது! கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுகிற கை இதைச் செய்யலாமா?

ஏரியில் மீன் விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடாதீர்கள். அதை வளர்க்கவே அரசாங்கத் தடை இருக்கிறது. நம் ஊர் மீன்குஞ்சுகளை அது விழுங்கிவிடும்.