துருத்திப் பெட்டியும் ஜாஸ் சங்கீதமும்

அக்கார்டியனைக் கேலி செய்வது மேல்நாட்டில் வெகு காலமாக நடந்துவரும் வழக்கம். கல்யாண விருந்துக்கும் குடியானவர் கூத்துக்கும் அது போதும். ஜாஸ் சங்கீதத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்கும் ரஸிகர்கள் அங்கே உண்டு. பழைய இசைத்தட்டுக்களைப் போட்டுக் கேட்டபின் இந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

1829-ம் வருஷம் வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் இவ்வாத்தியத்துக்குப் பதிவுரிமை பெற்றார். நம் வீட்டு ஆர்மோனியத்துக்கு இது நெருங்கிய உறவு. இரண்டிலும் காற்றுப் பட்டு உலோக நாக்குகள் அதிர்வதால்தான் நாதம் பிறக்கிறது. ஆகவே குறையும் ஒன்றே: ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாது. கமகம் பேசாத பெட்டி என்று அகில இந்திய ரேடியோ ஆர்மோனியத்தை 1940-ல் விலக்கி, 1971 வரையில் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. ஜாஸிலும் ஸ்வரத்தைச் சற்றே வளைத்து உருக்குவதுதான் உயிர். கிளாரினெட்டும் டிராம்போனும் அதை எளிதில் செய்துவிடும். துருத்திப் பெட்டிக்காரர் என்ன செய்வார்?

அவருக்குத் துருத்தியே கதி. மெல்ல இழுத்தால் நாதம் பொங்கும், சட்டென நிறுத்தினால் அறுந்து நிற்கும், குலுக்கினால் நடுங்கும். ஸ்வரத்தில் இல்லாத நெகிழ்ச்சியை மூச்சிலும் தாளத்திலும் தேடிக்கொள்ளலாம்.

கான்ஸாஸ் நகரத்து பென்னி மோட்டன் கோஷ்டி 1929 அக்டோபரில் சிகாகோவில் பதிவு செய்த தட்டுக்களில் பியானோ வாசித்தவர் கௌண்ட் பேஸி. பின்னாளில் உலகப் புகழ் பெற்றவராதலால் எல்லோரும் அவரையே காது கொடுத்துத் தேடுகிறார்கள். பக்கத்திலேயே அக்கார்டியன் வாசித்த பஸ்டர் மோட்டனை விசாரிப்பார் இல்லை. வகுப்பில் முதல் மார்க்குக்காரனுக்கு அருகில் உட்கார்ந்த பையனின் கதிதான்!

1930-ல் சிகாகோவில் 'செல்லர் பாய்ஸ்' என்னும் சிறு கோஷ்டி 'வெயிலிங் புளூஸ்' என்ற உருப்படியைப் பதிவு செய்தது. 1932-ல் மோட்டார் விபத்தில் மாண்ட கிளாரினெட் வித்வான் பிராங்க் டெஷ்மாகர் அதில் இருக்கிறார் என்பதற்காகவே அத்தட்டைப் போற்றுவோர் பலர். அவரோடு அக்கார்டியன் வாசித்தவர் சார்லி மெல்ரோஸ். அதே வருஷம் டியூக் எல்லிங்டன் கோஷ்டி 'அக்கார்டியன் ஜோ' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, கார்னெல் ஸ்மெல்ஸர் என்பவரை அவ்வாத்தியத்துக்கென்றே சேர்த்துக்கொண்டது.

அக்காலத்துத் தட்டின் நடுவே ஒட்டிய சீட்டில் கோஷ்டியின் பெயர்தான் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். வாசித்தவர் பெயர் இராது. பிற்காலத்து ஆராய்ச்சிக்காரர்கள் தொகுத்த ஜாபிதாக்கள் இல்லாவிடில் இம்மூவரும் நமக்கு வெறும் ஓசைதான்.

கண் பார்வையற்ற ஜோ மூனி பாக்கியசாலி. 1946-ல் கிளாரினெட், கிடார், பாஸ் ஆகியவற்றோடு அவர் அமைத்த நால்வர் கோஷ்டி அவர் பெயரையே தாங்கியது. மடியில் அக்கார்டியனை வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் குழந்தை உறங்குவதுபோல் அத்தனை மெதுவாகப் பாடுவார். நேயர்கள் அதை இரவு நேரத்தில் கேட்பது நலம்.