உயிர்மீன் தொட்டிக்கு எந்த பாட்டரி?

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்தில் ஆற்றை நம்பிப் பயிர் வைப்பவர் குறைவு. கொசஸ்தலை ஆற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. கிணறும் ஏரியும்தான் துணை. வடகிழக்குப் பருவமழையில் ஏரியோ பண்ணைக் குட்டையோ நிரம்பினால், அந்த நீரை நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் பாய்ச்சுவதோடு, கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி போன்ற மீன்களையும் வளர்த்து நாலு காசு பார்க்கலாம். சிறு விவசாயிக்கு இது ஏற்ற உபதொழில்.

ஆனால் குட்டையில் நன்றாக வளர்ந்த மீன் விற்கும் இடத்துக்கு வரும்போது பணம் கரைந்துவிடுகிறது. துள்ளும் மீனுக்கு ஒரு விலை, செத்த மீனுக்கு வேறு விலை. வெயில் ஏற ஏற, செத்த மீனைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலை. இதைத் தவிர்க்கவே தொட்டியில் மீனை விட்டு, சிறு காற்று மோட்டாரைப் பாட்டரியில் ஓட்டிக் கொண்டுபோகிறார்கள். மேல்நாடுகளில் சிறு துடுப்புப் படகில் தூண்டில் போடச் செல்வோரும் உயிர் இரை மீனை இவ்வாறுதான் காப்பாற்றுகிறார்கள். படகோ, டெம்போவோ, கேள்வி ஒன்றே: எந்த பாட்டரி வாங்குவது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மெக்கானிக் ஷெட்டில் கழித்துப் போட்ட கார் பாட்டரி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வருகிறார்கள். இது சிக்கனம் அன்று. கார் பாட்டரி, என்ஜினைக் கிளப்பச் சில விநாடிகள் மட்டும் பெரும் மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதன் ஈயத் தகடுகள் மெல்லியவை. மணிக்கணக்கில் மெல்ல மெல்ல இழுத்து அடிமட்டம் வரை வற்றவிட்டால் தகடுகளில் உப்புப் படிந்து, சில முறையிலேயே பாட்டரி செத்துவிடும். அதுவும் ஏற்கெனவே கழித்த பாட்டரி என்றால் எந்த நேரத்தில் கைவிடும் என்று சொல்ல முடியாது. கைவிடுவது பெரும்பாலும் தொட்டி நிறைய மீன் இருக்கும் நேரமாகத்தான் இருக்கும். மொபெட், மோட்டார் சைக்கிள் பாட்டரியில் வயரை மாட்டுவதும் இதே கதைதான். மீனும் போகும், வண்டியும் கிளம்பாது.

பாட்டரியை விலையைப் பார்த்து வாங்கக் கூடாது, நேரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. மோட்டாரின் வாட் அளவை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 24 வாட் மோட்டார் என்றால் 2 ஆம்பியர். விடியற்காலை 5 மணிக்கு மீன் பிடித்து, 10 மணிக்குக் கடைசி மீன் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 5 மணி நேரம். பலர் பயண நேரத்தை மட்டும் எண்ணி, விற்கும் இடத்தில் காத்திருக்கும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். டயர் பஞ்சர், ரயில்வே கேட் என்று ஒரு மணி நேரம் கூட்டினால் 6 மணி. 6 மணியை 2 ஆம்பியரால் பெருக்கினால் 12 ஆம்பியர்-மணி.

ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் இழுக்காமல் இருந்தால்தான் அது நீடித்து உழைக்கும். எனவே 12 என்பதை இரட்டித்து 24 என்று கொள்ள வேண்டும். கடையில் 26 ஆம்பியர்-மணி அளவில் மூடிய ஈய பாட்டரி கிடைக்கும். மூடிய வகை சாய்ந்தாலும் அமிலம் கொட்டாது. குண்டும் குழியுமான பாதைக்கு இதுவே நல்லது. மேலே எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் 20 மணி நேரம் சிறிது சிறிதாக இழுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் குறையும். இரட்டித்து வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் 80 சதவீதம் வரை இழுக்கலாம். அதனால் இதே வேலைக்கு 15 ஆம்பியர்-மணி போதும். எடையும் ஈய பாட்டரியில் ஒரு பங்குதான். பல மடங்கு முறை சார்ஜ் ஏற்றலாம். விலை கூடுதல், அதற்கென்று தனி சார்ஜரும் வேண்டும். வாரம் தவறாமல் உயிர்மீன் விற்பவருக்கு இது கட்டுப்படியாகும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் பிடிப்பவருக்கு ஈய பாட்டரியே போதும்.

வாங்குமுன் வீட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். பாட்டரி மருந்து தெளிப்பான் வைத்திருப்போர் இன்று பலர். அதில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பாட்டரி இருந்தால், 24 வாட் மோட்டாரை 2 மணி நேரம் கவலையின்றி ஓட்டலாம். 12 வாட் மோட்டார் என்றால் 4 மணி நேரம். அருகில் உள்ள ஊருக்குச் சிறிதளவு மீன் கொண்டுசெல்ல இது போதும், புதுச் செலவே இல்லை. ஒரே எச்சரிக்கை: பூச்சி மருந்து துளி பட்டாலும் மீனுக்கு விஷம். பாட்டரியைக் கழற்றி நன்றாகத் துடைத்த பிறகே எடுத்துச் செல்ல வேண்டும். தெளிப்பானின் குழாயையோ வாளியையோ மீன் தொட்டியிடம் கொண்டுபோகவே கூடாது.

பாட்டரியே தேவைப்படாத இடமும் உண்டு. விரால் மீன் நீருக்கு மேல் வந்து காற்றைக் குடித்து வாழக்கூடியது. தொட்டியில் சிறிதளவு தண்ணீரும் மேலே காற்று இடைவெளியும் விட்டு, துள்ளி வெளியேறாமல் வலை போட்டு மூடினால் போதும். மீன் குஞ்சு வாங்கி வருவோருக்கும் பண்ணையிலேயே ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் கட்டித் தருவார்கள். இதற்கென்று பாட்டரி வாங்குவது வீண் செலவு.

பாட்டரி எவ்வளவு பெரிதானாலும் செய்முறை தவறினால் பயன் இல்லை. பிடிப்பதற்கு முதல் நாளே தீனியை நிறுத்த வேண்டும். இல்லையேல் கழிவால் தண்ணீர் கெடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஆகவே வெயிலுக்கு முன்பே புறப்பட வேண்டும். தொட்டியின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடுவது நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. பாட்டரியைத் தொட்டிக்கு மேலே தனிப் பெட்டியில் வைத்து, பாசிட்டிவ் முனையருகே ஒரு ப்யூஸ் போட வேண்டும். வேலை முடிந்த அன்றே சார்ஜ் ஏற்ற வேண்டும். ஈய பாட்டரியை வற்றிய நிலையில் மூலையில் போட்டால் அடுத்த பட்டத்துக்கு உதவாது. சார்ஜ் ஏறும் இடத்தில் பீடி, அடுப்பு கூடாது. உழைத்து ஓய்ந்த பாட்டரியை வயலில் எறியாமல் கடையிலேயே திருப்பித் தர வேண்டும். ஈயம் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும்.

ஒருவர் தனியாக வாங்க முடியாவிட்டால், அண்டைக் கொல்லைக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டரியும் ஒரு மோட்டாரும் வாங்கலாம். எல்லோரும் ஒரே நாளில் மீன் பிடிப்பதில்லை. யார் முறைக்குப் பிறகு யார் சார்ஜ் ஏற்றுவது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மீன் குஞ்சு கொடுப்பவர்களும் குஞ்சோடு இந்தக் கணக்கையும் சொல்லிக் கொடுத்தால் நன்று. ஏழெட்டு மாதம் தீனி போட்டு வளர்த்த மீனின் விலையைக் கடைசி ஐந்து மணி நேரம் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பாட்டரி வாங்கும் விவசாயிக்கு நட்டம் வராது.